கன்னத்தில் வைக்க வேண்டிய பொட்டு

ஆகஸ்ட் 11, திங்கள்

தர்ஷியின் வெள்ளை சாக்ஸ் காயவில்லை. நாற்காலி முதுகில் விரித்து ஃபேனுக்கு நேராகத் திருப்பி வைத்திருக்கிறேன்.

எப்போதெல்லாம் மூச்சு வாங்குகிறது, எப்போது கண்ணைக் கட்டுகிறது என்று எழுதி வைக்கும்படி டாக்டர் போன வாரம் சொன்னார். அதற்காகத்தான் மகேந்திரனுக்குக் கம்பெனியில் கொடுத்த டைரியை எடுத்துக்கொண்டேன். பஸ் பாடி கட்டும் கம்பெனி. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு குட்டி பஸ் அச்சடித்திருக்கிறது. எழுத ஆரம்பிப்பதற்குள் விஷயம் தெரிந்துவிட்டது. இருந்தாலும் எழுதுகிறேன்.

குனிந்தால் மூச்சு வாங்குகிறது. இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் நெஞ்சுக்குள் எதுவோ நகர்ந்து வழியை அடைப்பது போல இருக்கிறது. போன வாரம் தர்ஷிக்கு ஷூ மாட்டக் குனிந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டேன். நான் விளையாடுகிறேன் என்று நினைத்து அவளும் பக்கத்தில் படுத்துக்கொண்டாளாம். அத்தை வந்து பார்த்தபோது இரண்டு பேரும் வாசற்படியில் கிடந்திருக்கிறோம். ரத்தம் கம்மி என்றார் அத்தை. தன் மகன் மகேந்திரன் சாப்பிடாமல் விட்டுவைத்த பேரீச்சம்பழ டப்பா முழுவதும் எனக்கு வந்தது.

இன்று எக்கோ எடுத்தவர் நன்றாகப் பேசினார். நெஞ்சில் ஜெல்லைத் தடவிக்கொண்டே கரூர் பைபாஸ் பாலத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். "அந்தப் பாலத்தை எப்ப முடிப்பாங்கன்னா..." என்றவர் அதோடு நிறுத்திவிட்டார். வாக்கியத்தை முடிக்கவே இல்லை. கருவியை ஒரே இடத்தில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்தார். பிறகு எழுந்து போய் டாக்டரைக் கூட்டிவந்தார்.

நாளை கோயம்புத்தூர். காலையில் இட்லிக்கு மாவு இருக்கிறது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

இதயத்தில் கட்டி. புற்றுநோய் இல்லை என்று சர்ஜன் மூன்று தரம் சொன்னார். மகேந்திரன் மூன்று தரமும் தலையாட்டினார்.

மேலே இடது பக்க அறையில் இருக்கிறதாம். சுவரிலிருந்து ஒரு காம்பில் தொங்குகிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் வால்வு வழியாகக் கீழே இறங்கி, திரும்ப மேலே ஏறுகிறது. குனியும்போது வழியில் உட்கார்ந்துகொள்கிறது. ரொம்ப அபூர்வம், பெரிய ஆஸ்பத்திரியிலேயே வருஷத்துக்கு ஒன்றிரண்டுதான் பார்ப்போம் என்றார். துணுக்கு உடைந்து மூளைக்குப் போனால் கை கால் விழுந்துவிடும், நாள் தள்ளக் கூடாது. மார்பெலும்பைத் திறந்து, இதயத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்தி, காம்பை அடியோடு வெட்டி எடுத்து, அந்த இடத்தில் ஒட்டுப்போட்டுத் தைப்பார்கள். பெரும்பாலானவர்கள் நன்றாக வீடு திரும்பிவிடுகிறார்கள் என்றார்.

சொல்லச் சொல்லப் படம் போட்டுக் காட்டினார். நான் அந்தக் காம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். கல்லூரியில் தாவரவியல், அப்புறம் ஸ்கூலில் ஐந்து வருஷம் சயின்ஸ் டீச்சர். இலைக் காம்பு, பூக் காம்பு எத்தனை வரைந்திருப்பேன். அவர் வரைந்த காம்பு கோணல்.

ஏதாவது கேட்க வேண்டுமா என்றார். குழந்தையை எப்போது தூக்கலாம் என்று கேட்டேன். மூன்று மாசம் ஆகும் என்றார்.

நாளை மறுநாள் ஆபரேஷன். நாளையே வந்து சேர வேண்டும்.

ஆகஸ்ட் 13, புதன்

காலையில் தர்ஷியின் துணிகளை இரண்டு அடுக்காகப் பிரித்து வைத்தேன், ஸ்கூலுக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று. அடுத்த அளவு கவுன்களையும் பரணிலிருந்து எடுத்துக் கீழே வைத்தேன். அடுத்த வருஷத்துக்கு வாங்கி வைத்தது எதற்கு இப்போது என்று மகேந்திரன் கேட்டார். கையோடு கையாக இருக்கட்டும் என்றேன்.

அத்தைக்கு இது முழுக்க முழுக்கக் கண்ணேறு. பேத்தி ஸ்கூலுக்குப் போக ஆரம்பித்த நாளிலிருந்து ஊர்க் கண்ணெல்லாம் நம் வீட்டின் மேல்தானாம். கிளம்பும்போது தர்ஷியின் இடது கன்னத்தில் மையால் பெரிய திருஷ்டிப் பொட்டாக வைத்துவிட்டார். எட்டணாக் காசு அளவு. மூன்றரை வயசுக் குழந்தைக்கு இவ்வளவு பெரிய பொட்டா என்றதற்கு, "உனக்குச் சின்ன வயசுல ஒழுங்கா வெச்சிருந்தா இப்பிடி ஆயிருக்குமா கண்ணு" என்றார்.

எனக்கு யார் வைப்பார்கள். அம்மா போகும்போது நான் இரண்டாம் வகுப்பு.

இரவு, வார்டில்

தாலி, மெட்டி, மூக்குத்தி எல்லாம் கழற்றச் சொன்னார்கள். அத்தை கூட வந்திருந்தார். தாலியைக் கழற்றும்போது சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். மகேந்திரன் அதை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சாப்பிடப் போனார். கேன்டீனில் சில்லறை எடுக்கும்போது தாலியும் சேர்ந்து கல்லா மேசையில் விழுந்ததாம். அங்கே இருந்தவர், "இதெல்லாம் இங்க வாங்கறதில்லீங்க" என்றாராம். வந்து சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தத் தெரியாமல் வெளியே போனார்.

ஆகஸ்ட் 20, புதன்

எழுத முடிகிறது.

கண் விழித்தபோது முதலில் தெரிந்தது ஒரு கொடி. நர்ஸ் ஒருவர் சட்டையில் காகிதக் கொடி குத்தியிருந்தார். சுதந்திர தினமாம். வாயில் குழாய் இருந்ததால் எதுவும் கேட்க முடியவில்லை.

மார்பெலும்பைக் கம்பியால் கட்டியிருக்கிறார்கள். இருமல் வந்தால் தலையணையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு இரும வேண்டும். மூன்று பந்து போட்ட பிளாஸ்டிக் டப்பா ஒன்று கொடுத்திருக்கிறார்கள். மூச்சை இழுத்தால் பந்து ஏறும். எனக்கு ஒரு பந்துதான் ஏறுகிறது.

வலி இருக்கிறது. ஆனால் வேறு யாருக்கோ வலிப்பதை நான் பக்கத்தில் நின்று கேட்பது போல.

ஆகஸ்ட் 21, வியாழன்

ஒன்று இல்லை, இரண்டு இருந்ததாம். பெரியது இடது அறையில். உள்ளே போன பிறகுதான் வலது அறையில் சின்னதாக இன்னொன்று கண்ணில் பட்டிருக்கிறது. இரண்டையும் எடுத்தாயிற்று. சர்ஜன் மகேந்திரனிடம் போனில் படத்தைக் காட்டியிருக்கிறார். எப்படி இருந்தது என்று கேட்டேன். "நுங்கு மாதிரி" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, இனிமேல் நுங்கு சாப்பிட மாட்டேன் என்றார்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

சர்ஜனோடு இன்று ஒரு பெண் டாக்டரும் வந்தார். பெயர் ரெஜினா. இதயத்தைப் பார்க்கவில்லை. டார்ச் அடித்து என் உதட்டைப் பார்த்தார். கண் இமையைப் பார்த்தார். கன்னத்தை இழுத்து உள்பக்கம் பார்த்தார்.

உதட்டிலும் இமையிலும் இந்தக் கறுப்புப் புள்ளிகள் எப்போதிலிருந்து என்று கேட்டார். சின்ன வயசிலிருந்தே என்றேன். காலேஜில் என்னைக் கடுகு என்று கூப்பிடுவார்கள்.

வீட்டில் வேறு யாருக்காவது? இல்லை. அம்மாவுக்கு? இல்லை. எங்கள் ஹாலில் மாட்டியிருக்கிற அம்மா படத்தை நினைத்துப் பார்த்துத்தான் சொன்னேன். சுத்தமான உதடு. அம்மா எப்படி இறந்தார்கள்? திடீரென்று, தாராபுரம் பஸ் ஸ்டாண்டில். நெஞ்சடைப்பு என்றார்கள். வயசு? முப்பத்தொன்று.

குழந்தைக்குப் புள்ளி ஏதாவது? இல்லை.

அவர் எழுதிக்கொண்டார்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

அப்பா தாராபுரத்திலிருந்து போன் செய்தார். அங்கே என்ன கேட்டார்கள், என்ன சொன்னார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். உதட்டுப் புள்ளியைப் பற்றிக்கூடக் கேட்டார்கள் என்று சும்மா சொன்னேன்.

"உங்கம்மாளுக்கும் இருந்துதே சாமி. உன்னையாட்டவே."

படத்தில் இல்லையே என்றேன்.

"அது பெருசு பண்ணும்போது ஸ்டூடியோக்காரன் அழிச்சுப்போட்டான். மாலை போடற படத்துல முகம் தெளிவா இருக்கட்டும்னு நாந்தான் சரின்னேன்."

இன்று ஞாயிறு. டாக்டர் ரெஜினா வரமாட்டார். நாளை காலையிலேயே டிஸ்சார்ஜ். மதியச் சாப்பாட்டில் உப்பே இல்லை.

ஆகஸ்ட் 25, திங்கள்

வீடு. தர்ஷி ஓடி வந்தாள். பாதித் தூரத்தில் நின்றுவிட்டாள். பிறகு கையை உயர்த்தி, "தூக்கு" என்றாள். அம்மா நெஞ்சில் உவ்வா, தூக்கக் கூடாது என்று அத்தை சொன்னார். கையை இறக்காமலேயே நின்றாள்.

கட்டிலில் உட்கார்ந்து பக்கத்தில் கூப்பிட்டுக்கொண்டேன். கன்னத்தில் வைத்த பொட்டு உதடு வரைக்கும் அப்பியிருந்தது. அத்தைக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை. தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தேன். கன்னத்தில் போய்விட்டது. கீழுதட்டு ஓரத்தில் கொஞ்சம் நிற்கிறது. நல்ல மை போல.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. அத்தை கொழுக்கட்டை செய்தார். நான் உட்கார்ந்தபடி ஐந்தாறு பிடித்தேன். மாவைப் பிசையக்கூட நெஞ்சில் பலம் வேண்டியிருக்கிறது என்று இன்றுதான் தெரிந்தது.

தர்ஷி உதட்டில் மை. துடைத்தேன்.

ஆகஸ்ட் 30, சனி

துடைத்தேன். அழுதாள். உதடு சிவந்துவிட்டது. இனி துடைக்கவில்லை.

செப்டம்பர் 3, புதன்

பொட்டு நானே வைக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். குளிப்பாட்டவும் தூக்கவும் முடியாது. பொட்டாவது வைக்கிறேனே என்றதும் அத்தைக்கு மனசு இளகிவிட்டது. மைச் சிமிழைக் கையிலேயே கொடுத்துவிட்டார்.

மதியம் தர்ஷியைப் பார்த்துவிட்டு, "என்ன கண்ணு, கன்னத்துல வெக்கறத உதட்டோரம் வெச்சிருக்கறே" என்றார். கன்னத்தில் வைத்தால் தலையணையில் அழிந்துவிடுகிறது என்றேன். அதுவும் சரிதான் என்று போய்விட்டார்.

இரண்டு பந்து ஏறுகிறது.

செப்டம்பர் 12, வெள்ளி

ரெவ்யூ. காயம் நன்றாக ஆறியிருக்கிறது. எக்கோ சுத்தம். இரண்டு கட்டியும் சாதாரணக் கட்டிதான் என்று பயாப்ஸியில் வந்துவிட்டது. மகேந்திரன் சர்ஜனின் கையைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் விடவில்லை. அப்புறம் மருந்து வாங்க வரிசையில் நிற்கப் போனார்.

அந்த நேரம் டாக்டர் ரெஜினா என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். இந்தக் கட்டி பெரும்பாலும் காரணமில்லாமல் ஒருவருக்கு மட்டும் வருவது. ஆனால் சில குடும்பங்களில் தலைமுறையாக வரும். அப்படி வருகிறவர்களுக்குச் சின்ன வயசிலேயே வரும், ஒன்றுக்கு மேல் வரும், உதட்டில் இமையில் புள்ளி இருக்கும், எடுத்தாலும் திரும்ப வரலாம். உங்களுக்கு அப்படித்தான் என்று இப்போதே சொல்லவில்லை, ரத்தப் பரிசோதனை இருக்கிறது, பார்க்கலாம் என்றார். அம்மாவுக்குப் புள்ளி இருந்ததா என்று மறுபடி கேட்டார்.

போட்டோவில் இல்லை என்றேன். அது பொய்யில்லை.

"பாப்பாவுக்கு ஒரு எக்கோ எடுத்துடலாம். ஊசிகூடக் கிடையாது."

"அவளுக்கு ஒண்ணும் இல்லீங்க டாக்டர். நல்லா ஓடறா, ஆடறா."

"உங்களுக்கும் இருபத்தொன்பது வயசு வரைக்கும் ஒண்ணும் இல்லையே."

குடும்பத்தில் வருவதாக இருந்தால் பாப்பாவுக்கும் இருக்க வாய்ப்பு பாதிக்குப் பாதி என்றார். சரி என்று எழுந்து வந்தேன். காரில் மகேந்திரன் என்ன சொன்னார்கள் என்று கேட்டார். எல்லாம் நன்றாக இருக்கிறதாம் என்றேன். பல்லடத்தில் நிறுத்தி டீ குடித்தோம். அவர் ரொம்ப நாளைக்குப் பிறகு பஜ்ஜி சாப்பிட்டார். எனக்கும் ஒன்று பிட்டுக் கொடுத்தார்.

செப்டம்பர் 13, சனி

பத்தாம் வகுப்பு மரபியல் பாடம். பட்டாணிச் செடி. ஒரு சதுரத்தை நான்கு கட்டமாகப் பிரித்து, மேலே அப்பா, பக்கவாட்டில் அம்மா. இரண்டு கட்டத்தில் நிழலிட வேண்டும். பிள்ளைகள் நன்றாகப் போடுவார்கள், அதில் யாரும் மார்க் விட்டதில்லை.

இந்தப் பக்கத்தின் ஓரத்தில் போட்டுப் பார்த்தேன். இரண்டு பேருக்கு உண்டு, இரண்டு பேருக்கு இல்லை. எங்களுக்கு ஒரே பெண்.

செப்டம்பர் 14, ஞாயிறு

நேற்று எழுதியது வெறும் பாடம்தான்.

செப்டம்பர் 21, ஞாயிறு

என்னைப் பார்க்க மகேந்திரனின் சித்தி வந்திருந்தார். ஹார்லிக்ஸ், ஆப்பிள், அரை மணி நேர அழுகை. என் தழும்பைப் பார்க்க வேண்டும் என்றார். கழுத்துக்குக் கீழே தெரிகிற அளவு காட்டினேன். போகும்போது தர்ஷியின் தாடையைப் பிடித்துத் திருப்பி, "அம்மாளை அப்பிடியே உரிச்சு வெச்சிருக்குது பாரு" என்றார்.

அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று உள்ளே போனேன். பால் வைத்திருக்கவில்லை.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. அத்தை மிக்ஸி, கிரைண்டர், தையல் மிஷின், மகேந்திரனின் பைக் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார். என் மூன்று பந்து டப்பாவையும் துடைத்து மூன்று பந்துக்கும் நேராக மூன்று பொட்டு வைத்துவிட்டார். அதுவும் உழைக்கிற சாமான்தானே என்றார். மகேந்திரன் என்னைக் காட்டி, அப்படியானால் சிந்துவுக்கும் ஒரு பொட்டு வையுங்கள், உள்ளே புதுசாக வேலை பார்த்திருக்கிறது என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருக்க வேண்டும். அத்தை, சிரிச்சு எத்தனை நாளாச்சு என்று சொன்னதால் தெரிகிறது.

தர்ஷி டப்பாவை எடுத்து ஊதினாள். ஊதக் கூடாது, இழுக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். ஒரு பந்து ஏறியது. போதும் என்று வாங்கி வைத்துவிட்டேன்.

மாடிப்படியில் அவள் ஏறும்போதெல்லாம் நான் கீழே நின்று மூச்சைக் கேட்கிறேன். இதற்குப் பெயர் எதுவும் இல்லை. குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது வழக்கம்தானே.

அக்டோபர் 4, சனி

டாக்டர் ரெஜினாவின் அறையிலிருந்து போன் வந்தது. எடுக்கவில்லை. சமையலில் இருந்தேன்.

அக்டோபர் 8, புதன்

ஸ்கூலிலிருந்து தர்ஷிக்கு ஐடி கார்டு வந்தது. ப்ரீ கேஜிக்கு எதற்கு என்று தெரியவில்லை, கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு பெரிய ஆபீசர் மாதிரி வந்தாள். பையில் விடாமல் கழுத்திலேயே போட்டுக்கொண்டு சாப்பிட்டாள்.

கழற்றி வாங்கிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. இரட்டைச் சடை, நேராகப் பார்க்கிற கண், சுத்தமான உதடு.

அவளுடைய மிஸ் ஷர்மிளாவுக்குப் போன் போட்டேன். போட்டோவில் பொட்டு தெரியவில்லையே, துடைத்தீர்களா என்று கேட்டேன். அந்தப் பெண் பயந்துவிட்டது. நான் கோபமாகக் கேட்கிறேன் என்று நினைத்திருக்கும்.

"துடைச்சோங்க மேம். வெட் டிஷ்யூ போட்டு எவ்வளவோ துடைச்சும் அந்த ஒரு பொட்டு மட்டும் போகலை. அப்புறம் போட்டோக்காரரே கம்ப்யூட்டர்ல எடுத்து விட்டுட்டார். நீட்டா இருக்கில்ல மேம்?"

நீட்டா இருக்கிறது, தேங்க்ஸ் என்றேன்.

கார்டை ஹாலில் மாட்டப் போனேன். காலியாக இருந்த ஆணி அம்மா படத்துக்குப் பக்கத்து ஆணி. மாட்டிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தேன். இரண்டு பேரும் சுத்தமான உதட்டோடு என்னைப் பார்த்தார்கள். ஒன்றின் மேல் பிளாஸ்டிக் மாலை.

கார்டைக் கழற்றினேன். தர்ஷியைக் கூப்பிட்டுக் கட்டிலில் உட்கார வைத்து, எண்ணெய் தொட்டு, நான் காலையில் வைத்த பொட்டைத் துடைத்தேன். மெதுவாக. மை எல்லாம் வந்துவிட்டது. அதற்கடியில் இருந்தது அப்படியே இருந்தது, ஒரு கடுகு அளவுக்கு.

மகேந்திரன் வந்ததும் அவளைக் காட்டினேன். டாக்டர் ரெஜினா சொன்னதைச் சொன்னேன். ஸ்டூடியோவில் அழித்ததைச் சொன்னேன். அவர் தர்ஷியின் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பி ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு கேட்டார்.

"அன்னைக்கு நான் பஜ்ஜி தின்னேனே சிந்து. அப்பவே உனக்குத் தெரியுமா?"

தெரியும் என்றேன்.

அத்தை அடுப்படியிலிருந்து வந்து எட்டிப் பார்த்தார். "அது மையில்லீன்னு எனக்கு ஆடியிலேயே தெரியுமே. மச்சம்னு இருந்தேன். உதட்டுல மச்சம் இருந்தா பேச்சு சாமர்த்தியம்னு சந்தோசப்பட்டுட்டு இருந்தேன்" என்றார். அப்புறம் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

எல்லோரும் படுத்தாயிற்று. மகேந்திரன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார். தூங்கவில்லை.

அக்டோபர் 9, வியாழன்

நானே போன் செய்தேன். செவ்வாய்க்கிழமை வரச் சொன்னார்கள்.

மகேந்திரன் காலையில் பேசவில்லை. சாயங்காலம் பூண்டு உரித்துக் கொடுத்தார்.

அக்டோபர் 14, செவ்வாய்

முதலில் டாக்டர் ரெஜினாவிடம் அம்மாவுக்கும் இருந்தது, படத்தில் அழித்துவிட்டார்கள் என்று சொன்னேன். அவர் முன்பு எழுதியிருந்ததை அடித்துவிட்டுத் திரும்ப எழுதினார். திட்டவில்லை. தர்ஷியின் உதட்டைப் பார்த்தார். இமை இரண்டும் சுத்தம். ஒரு புள்ளியை வைத்து எதுவும் சொல்ல முடியாது, எதுவும் இல்லை என்றும் சொல்ல முடியாது என்றார்.

எக்கோ அறைக்குள் ஒருவர்தான் கூட வரலாம் என்றார்கள். மகேந்திரன் என்னைப் பார்த்து, "நீ போ" என்றார்.

குழந்தைகளுக்கு எடுக்கிறவர் ஒரு பெண். தர்ஷியின் சட்டையைக் கழற்றிப் படுக்க வைத்தேன். தூக்கி வைக்கக் கூடாது என்பதால் அவளே படி வைத்து ஏறினாள். ஜெல் ஜில்லென்றிருந்ததும் நெளிந்தாள். அந்தப் பெண், தீபாவளிக்கு என்ன டிரஸ், யார் வாங்கிக் கொடுத்தது, என்ன கலர் என்று கேட்டுக்கொண்டே கருவியை நகர்த்தினார். தர்ஷி எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். திரையில் அந்தச் சின்ன இதயம் அடித்துக்கொண்டிருந்தது. பார்க்கத் தெரியாது எனக்கு. நான் திரையைப் பார்க்கவில்லை. பேச்சை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். பேச்சு ஓடுகிற வரைக்கும் சரி.

"பட்டாசெல்லாம் வாங்கியாச்சா? பாப்பாவுக்கு என்ன பிடிக்கும்..." என்றவர் நிறுத்தினார்.

கருவி ஒரே இடத்தில் நின்றது. விசைப்பலகையில் எதையோ தட்டினார். திரும்ப அழுத்தினார். திரையில் ஒரு கோடு இழுத்தார். இன்னொரு கோடு. தர்ஷி கையை நீட்டி என் சுண்டு விரலைப் பிடித்துக்கொண்டாள். கை சூடாக இருந்தது. எனக்கு எதுவும் தோன்றவில்லை. அறையில் ஏசி தண்ணீர் ஒரு வாளியில் சொட்டுகிறது என்பதைக் கவனித்தேன்.

"புஸ்வாணமா, சங்கு சக்கரமா?" என்றார் அந்தப் பெண்.

"புஸ்வாணம்" என்றாள் தர்ஷி.

"எனக்குச் சங்கு சக்கரம்" என்று சொல்லிக்கொண்டே கருவியை அடுத்த இடத்துக்கு நகர்த்தினார்.

இப்போது எதுவும் இல்லை. டாக்டர் ரெஜினா படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுச் சொன்னார். இருவருக்கும் ரத்தம் எடுத்தார்கள். ஊசி கிடையாது என்று சொன்னது எக்கோவுக்கு மட்டும்தான். தர்ஷி ஆஸ்பத்திரியே அதிரக் கத்தினாள். முடிவு வர ஒரு மாசத்துக்கு மேல் ஆகும். எப்படி வந்தாலும் எனக்கு வருஷா வருஷம் எக்கோ உண்டு. அவளுக்கும் அப்படி இருக்கலாம். எத்தனை வருஷம் என்று மகேந்திரன் கேட்டார். வருஷா வருஷம் என்றார் அவர் மறுபடி.

திரும்பும்போதும் பல்லடத்தில் நிறுத்தினோம். மகேந்திரன் தர்ஷிக்கு பிஸ்கட், எனக்கு டீ வாங்கி வந்தார். பஜ்ஜி சட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். "உனக்கு வேணுமா?" என்றார். நீங்கள் சாப்பிட்டால் பாதி கொடுங்கள் என்றேன். வாங்கினார்.

அக்டோபர் 18, சனி

தீபாவளிக்கு ஸ்கூல் லீவு. வேறு போட்டோ வைத்து ஐடி கார்டு போட்டுத் தர முடியுமா என்று ஷர்மிளா மிஸ்ஸிடம் நேற்றே கேட்டிருந்தேன். வீட்டிலேயே எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தார்.

காலையில் தலைக்குக் குளிப்பாட்டி அத்தை உட்கார வைத்தார். நான் சடை போட்டேன். பொட்டை இடது கன்னத்தில் வைத்தேன், அத்தை சொன்ன அளவுக்கே பெரிதாக. வெளிச்சம் வரும் பக்கமாக நாற்காலியைத் திருப்பி மகேந்திரன் போனில் எடுத்தார். பொட்டும் தெரிகிறது, புள்ளியும் தெரிகிறது. எதையும் எடுத்துவிட வேண்டாம் என்று எழுதி அனுப்பினேன். மிஸ் கட்டைவிரல் போட்டிருக்கிறார்.

அப்புறம் தர்ஷி கண்ணாடி பார்க்கத் தூக்கச் சொன்னாள். இன்னும் ஒரு மாசம் ஆகும் என்றேன். தானே ஸ்டூலை இழுத்துவந்து ஏறி நின்றாள். நான் பின்னால் நின்றேன். கண்ணாடியில் இரண்டு முகம். என் உதட்டைக் கண்ணாடியில் தொட்டாள், தன் உதட்டைத் தொட்டாள்.

"உனக்கு நெறைய இருக்கு. எனக்கு ஒண்ணே ஒண்ணு" என்றாள். குறையாகத்தான் சொன்னாள்.

ஆமாம் என்றேன். இப்போதைக்கு ஒன்று.